பொருத்தனைக் கிட்டார்

ஆறு கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது, கழுத்து வளைந்துவிடும் என்பார்கள். ஆறும் மேலே கிடந்தால் அடியில் இருக்கிற அழுக்கை எப்படி எடுப்பதாம். இருபத்திமூன்று வருஷமாக நான் மொத்தமாகத்தான் கழற்றுகிறேன், ஒன்றும் வளையவில்லை, இந்த வீட்டில் வளைந்தது நான் மட்டும்தான். தடித்த கம்பியின் கீயைத் திருகத் திருக அது முனகிக்கொண்டே கீழே இறங்கி, கடைசியில் சத்தமில்லாமல் தொய்ந்துபோயிற்று. மணி பத்து ஐந்து. பதினொன்றரைக்குக் கோவில் லோடு ஆட்டோ வரும். நாளைக்கு எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை, ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள், வாழைத்தார், சேவல், ஆட்டுக்குட்டி, பிள்ளைக்கு வேலை கிடைத்ததற்கு நேர்ந்துகொண்ட வெள்ளித் தட்டு, எல்லாம் ஒவ்வொன்றாக மேஜையில் ஏறும், அந்த வரிசையில் என் கிட்டாரும் ஏறும். பொருத்தனை பண்ணியது, அதாவது நேர்ந்துகொண்டது, என் வீட்டுக்காரர். பொருள் என்னுடையது. இதை இப்படி இரண்டு வரியில் நான் யாரிடமாவது சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஏனென்றால் அவர் பொருத்தனை பண்ணியது என் உயிருக்காக. “குடுக்கிற பொருள் பழுதில்லாம சுத்தமா இருக்கணும் பியூலா, நல்லாத் தொடச்சு வை” என்று காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய் தன் வண்டியைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். குழாய்த் தண்ணீர் மட்கார்டில் அடிக்கிற சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அவர் வண்டி கழுவுவார், இன்றும் சனிக்கிழமைதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பாலம் என்கிற அடிக்கட்டையில் கம்பிகளைப் பிடித்திருக்கிற வெள்ளைப் பின்களைக் குறடால் இழுக்க வேண்டும், குறடின் வாயில் துணி சுற்றாவிட்டால் பின் நசுங்கிவிடும், சுற்றினேன், ஒன்று, இரண்டு, மூன்றாவது வழக்கம்போல் அடம் பிடித்தது. ஜூன் மாதம் எனக்குப் பித்தப்பை வெடித்தது. வயிறு முழுக்க விஷம் பரவி ஒன்பது நாள் ஐசியுவில் கிடந்தேன், அந்த ஒன்பது நாளில் எனக்கு ஞாபகம் இருப்பது உத்தரத்து விளக்கும், யாரோ என் காலைத் தூக்கி வைத்ததும், நாக்கு ஒட்டிக்கொண்டதும்தான். வீட்டுக்கு வந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவர் கோவிலில் சாட்சி சொல்ல எழுந்தார். எனக்கு எதுவும் தெரியாது, பெண்கள் பக்கத்தில் விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். “ஆண்டவர் என் மனைவியத் திருப்பிக் குடுத்தாரு. அவ ரொம்ப நேசிக்கிற, உயிரா வச்சிருக்கிற கிட்டார ஆண்டவருக்குக் குடுத்துருதேன்னு பொருத்தன பண்ணிருக்கேன்” என்றார். முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். எனக்கு முதலில் அது வேறு யாருடைய கிட்டார் என்பதுபோல்தான் கேட்டது. வெளியே வந்ததும் ஒவ்வொருவராய்க் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க வீட்டுக்காரருக்கு உங்க மேல எவ்வளவு பாசம், நீங்க குடுத்துவச்சவங்க என்றார்கள். ஆமாம், கொடுத்துவைத்தவள்தான், கொடுக்கத்தானே துடைத்துக்கொண்டிருக்கிறேன். பெங்களூரில் இருக்கிற மகளிடம் போனில் சொன்னேன், “விடுங்கம்மா, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்” என்றாள். வேறு ஒன்று. உயிர் பிழைத்து வந்தவள் ஒரு மரக்கட்டைக்கு மூக்கைச் சிந்தலாமா என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டாயிற்று. கேட்டு முடிக்கிறதற்குள் இன்னொன்று வந்து குறுக்கே விழுகிறது, ஏன், தன் வண்டியைச் சொல்லியிருக்கக் கூடாதா. சீ என்று அதைத் தள்ளுகிறேன். மனுஷன் ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பது நாள் கிடந்திருக்கிறார், சாப்பிட்டாரோ இல்லையோ, அந்த நேரத்தில் வாயில் எது வந்ததோ அதைச் சொல்லியிருப்பார். சரி. ஆனால் வாயில் வந்தது ஏன் என்னுடையதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது பின் வந்துவிட்டது. கம்பிகளைச் சுருட்டிப் பழைய பேப்பரில் வைத்தேன். இப்போது விரல்பலகை மொட்டையாக இருக்கிறது, ஈட்டி மரம், ஒரு காலத்தில் அடர்ந்த காப்பி நிறம், இப்போது வறண்டு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. ஜூனிலிருந்து நான் தொடவில்லை. குறுக்கே இருபது ஃபிரெட்டுகள், ஒவ்வொரு உலோகப் பட்டையின் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக ஒரு கரை கட்டியிருக்கிறது. அது தூசி இல்லை. வியர்வையும் விரலின் செத்த தோலும் கம்பித் துருவும் சேர்ந்து இறுகியது. பழைய பஸ் பாஸ் அட்டையின் மூலையால் சுரண்டினால் மெழுகுபோல் சுருண்டு சுருண்டு வருகிறது, நகத்தில் ஒட்டுகிறது, முகர்ந்தால் லேசாகப் பித்தளை வாடை. இது முழுக்க நான்தான், நானே என்னைச் சுரண்டி எடுத்துப் பேப்பரில் தட்டிக்கொண்டிருக்கிறேன், பழுதில்லாமல் கொடுப்பதற்காக. வாங்கிய புதிதில் எனக்கு ஒன்றும் தெரியாது. நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலை, முதல் வருஷம் முடிந்ததும் மதுரைக்குப் போய் நானே பார்த்து வாங்கி, பஸ்ஸில் பாளையங்கோட்டை வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்து சீட் அம்மாள் “உள்ள என்ன, சவப்பெட்டியா” என்று கேட்டாள். ஆறு மாதத்தில் பலகை வறண்டது. மரம் வறண்டால் எண்ணெய் போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயை எடுத்துத் தாராளமாகத் தேய்த்துவிட்டேன். ஒரு மாதத்தில் சிக்கு வாடை. அப்புறம் எறும்பு. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது ஓட்டைக்குள்ளிருந்து எறும்பு வரிசையாக ஏறி வந்தது, பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டு எறும்பை எண்ண ஆரம்பித்தார்கள். அப்போது நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் அது வேறு யாரோ என்று தோன்றுகிறது. அதற்கு அடுத்த வருஷம் கல்யாணம். “கல்யாணம் ஆன பொம்பள மடியில கிட்டாரா” என்று இவர் கேட்டது முதல் வாரத்தில். கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார், அதுதான் இவரிடம் பெரிய தொல்லை, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே செய்துவிடுவார், நாம் முகத்தைத் தூக்கினால் நாம்தான் பொல்லாதவள்.

கறை போகாத இடத்துக்கு இரும்புப் பஞ்சு. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் இல்லை, அது மரத்தைக் குதறிவிடும், இது தலைமயிரைவிட மெல்லியது. ஒலி வரும் வட்ட ஓட்டையைத் துணியால் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சுத் தூள் உள்ளே விழும். மர ரேகை ஓடுகிற பக்கமாகவே, அழுத்தாமல், மேலும் கீழும். ஃபிரெட் ஓரத்துக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ். அதை எடுத்த நேரத்தில்தான் ஜன்னலில் அவர் தலை தெரிந்தது, பனியன் நனைந்து, நெற்றியில் கிரீஸ்.

“ஏ பியூலா, அந்தப் பிரஷ்ஷ இங்க தா. சக்கரத்துக் கம்பிக்குள்ள மண்ணு அடைஞ்சு கெடக்கு.”

“நான் வச்சிருக்கேங்க.”

“முடிச்சிட்டுத்தான் தாயேன். ஒண்ணுதான இருக்கு?”

“ஒண்ணுதான் இருக்கு.”

“சரி, சீக்கிரம். பாக்கியநாதன் அண்ணாச்சி ஆட்டோவோட வர்றதுக்குள்ள நான் குளிக்கணும்.” போகும்போது திரும்பி, “நல்லாப் பளபளன்னு ஆக்கிட்டியே” என்றார். மெய்யாகவே சந்தோஷமாகச் சொன்னார். பாராட்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் கிட்டாரைப் பற்றி இவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை இது, வீட்டை விட்டுப் போகப் போகிறது என்றதும் நாவில் வருகிறது. நான் பிரஷ்ஷைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் பதினேழாவது ஃபிரெட்டோடு நிறுத்திக்கொண்டு எழுந்துபோய்க் கொடுத்தேன். எழுந்தபோது வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்றது. டாக்டர் சொல்லியிருக்கிறார், உள்ளே தழும்பு ஆறும்போது இழுக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று. டாக்டருக்கு என்ன, பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு சுருக்குக்கும் எனக்கு உத்தரத்து விளக்கு ஞாபகம் வருகிறது. ராத்திரி புரண்டு படுக்கும்போது, குனிந்து கோலப்பொடி டப்பாவை எடுக்கும்போது, ஒரு சுருக்கு, உடனே மனசு கேட்கிறது, இன்னும் கொடுக்கவில்லையே, அதனால்தானோ. கொடுத்துவிட்டால் போய்விடுமோ. படித்தவள்தான், பிள்ளைகளுக்கு வயிற்றில் என்னென்ன இருக்கிறது என்று படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தவள்தான். ஆனால் உள்ளே ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு எந்தப் படமும் தெரியாது, அவள் பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்காகத்தான் நான் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை. இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையே கோவில் வாசலில் வைத்துக் கேட்டிருப்பேன்.

துடைத்த பிறகுதான் குழிகள் தெரிகின்றன. முதல் மூன்று ஃபிரெட்டுக்குள் மரம் தேய்ந்து விரல்நுனி அளவுக்குப் பள்ளம், ஒவ்வொன்றையும் தொட்டே சொல்லிவிடலாம், இது ஜி, இது சி, இது டி. கோவில் பாட்டுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். பாடகர் குழுவில் நான் சேர்ந்தபோது ஆர்கன் வாசித்தவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார், “நீங்க சும்மா தாளத்துக்கு இழுத்துக்கிட்டே இருங்க சிஸ்டர், மேல போகாதீங்க.” நான் மேலே போகவில்லை. பாட்டு எதுவானாலும் இழுத்துக்கொண்டே இருந்தேன், கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அடக்க ஆராதனை, போதகர் ஐயரவர்கள் மாறினார்கள், ஆர்கன் போய் கீபோர்டு வந்தது, நான் தாளத்துக்கு இழுத்தேன். ஆனால் ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலேயும் பலகை தேய்ந்திருக்கிறது. குழி இல்லை, லேசாக ஒரு மினுமினுப்பு, இரண்டு மெல்லிய கம்பிகளின் அடியில் மட்டும். இது யாருக்கும் தெரியாது. மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, இவர் ஆபீஸ் போன பிறகு, நான் வேலையை விட்டபின் எனக்கென்று கிடைத்த மத்தியானங்களில், கதவைச் சாத்திக்கொண்டு அங்கே ஏறுவேன். ஒரு மெட்டு. நானே போட்டது, அதற்கு வார்த்தை கிடையாது, அது எங்கேயோ ஏறிப்போய் ஒன்பதாவது ஃபிரெட்டில் ஒரு நிமிஷம் தயங்கி நின்று, இறங்குவதா வேண்டாமா என்று யோசித்து, இறங்கும். பதினோரு வருஷமாக அதையே மாற்றி மாற்றி வாசிக்கிறேன், இன்னும் முடிவு சரியாக வரவில்லை. யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. நாளைக்கு எவனோ ஏலத்தில் எடுப்பான். பெரும்பாலும் அந்த ஜவுளிக்கடைக்காரர் எடுப்பார், அவர்தான் எதையும் விட மாட்டார், போன வருஷம் ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இன்னொருவரோடு முறுக்கிக்கொண்டு நின்றார். வீட்டு ஹாலில் மாட்டிவைப்பார். சேவலுக்கும் கழுத்து இருக்கிறது, வெட்டினால் குழம்பு ஆகும், என் கிட்டார் ஆணியில் தொங்கும். ஏழாவது ஃபிரெட்டில் ஏன் மினுங்குகிறது என்று அந்த வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள்.

எண்ணெய் நாலே சொட்டு. தேங்காய் எண்ணெய் இல்லை, பிள்ளைகளுக்குத் தேய்க்கிற வாசனை எண்ணெய், அது சிக்கு அடிக்காது. துணியில் விட்டு, மரத்தில் தேய்த்ததும் சாம்பல் நிறம் போய் உள்ளேயிருந்து காப்பி நிறம் எழுந்து வந்தது. எப்போதும் இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் வரும், இன்றும் வந்துவிட்டது, வெட்கங்கெட்ட சந்தோஷம். ஐந்து நிமிஷம் ஊற விட வேண்டும். ஏலத்தில் தங்கள் பொருளைத் தாங்களே கேட்டு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வழக்கம்தான் அது, கொடுத்ததும் ஆயிற்று, கோவிலுக்குச் சேர வேண்டியது சேர்ந்தும் ஆயிற்று, பொருள் வீட்டுக்கு வந்தும் ஆயிற்று, தன் பசுங்கன்றைத் தானே ஏலம் கேட்டு ஓட்டிக்கொண்டு போன குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு. போன வாரம் இவரிடம் அதைக் கேட்டேன், சாப்பாடு போட்டுக்கொண்டே, ஏதோ மற்றவர் வீட்டு விஷயம் மாதிரி. “நாமளே ஏலம் கேட்டு எடுத்துக்கிட்டா என்னங்க?” அவர் அப்பளத்தை நொறுக்கினார். “குடுத்தத திரும்ப எடுத்த மாதிரி ஆவாதா? நான் கமிட்டில வேற இருக்கேன். நாலு பேர் என்ன நினைப்பாங்க.” நாலு பேர். ஐசியுவில் நாலு பேரும் வந்து எனக்காக மூச்சு விடவா செய்தார்கள். நான் ரசம் ஊற்றினேன்.

துணியால் எண்ணெயை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஹெப்சிபா அக்கா. பெண்கள் சங்கத்தின் செயலாளர், எனக்குப் பத்து வயது மூத்தவர், நான் ஐசியுவில் கிடந்த ஒன்பது நாளும் வெளியே உட்கார்ந்து ஜெபித்தவர், அந்த நன்றி எனக்கு உண்டு. கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“பியூலா, நாளைக்கு ஏலத்துக்கு முந்தி நீ சாட்சி சொல்லணும் பாத்துக்க. ஐயரு சொல்லிட்டாவ. ரெண்டே நிமிஷம்.”

“எனக்குப் பேச வராதுக்கா.”

“பாட வருது, பேச வராதாக்கும்? பித்தப்ப வெடிச்சது, ஐசியுல கெடந்தது, உங்க வீட்டுக்காரர் பொருத்தன, அவ்வளவுதான். ஜெயசிங் தம்பி அன்னைக்கு அழுத அழுகைய நெனச்சா எனக்கு இப்பவும் ஈரக்கொல நடுங்குது. மூணாவது நாளு டாக்டர் வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போனாருல்லா, அப்பம் அந்த வராண்டாவுலயே முழங்கால் போட்டு, ஆண்டவரே இவளத் திருப்பிக் குடுத்துரும், என் வண்டிய ஒம்ம சந்நிதில கொண்டுவந்து நிறுத்திருதேன்னு ஒரே கதறல். நர்சு வந்து அதட்டிட்டுப் போறா.”

“வண்டியவா?”

“ஆமா, வண்டியத்தான். அப்புறம் நீ வார்டுக்கு வந்து கஞ்சி குடிக்க ஆரம்பிச்ச பெறகு எங்கிட்ட சொன்னாவ, அக்கா, வண்டி என்ன பெரிய வண்டி, அவளுக்கு உயிரா இருக்கிறதக் குடுக்கதுதான் உண்மையான பொருத்தனன்னு ஆண்டவர் உணர்த்திட்டாருன்னு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எவ்வளவு ஆழமா யோசிச்சிருக்காவ பாரு. ஒனக்குத் தெரியாதாட்டி?”

“தெரியும்க்கா” என்றேன். ஏன் தெரியும் என்று சொன்னேன் என்று தெரியவில்லை. அக்கா இன்னும் ஏதோ சொன்னார், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வா என்றார், வைத்துவிட்டார்.

வெளியே குழாய் நின்றிருந்தது. இப்போது துணியால் துடைக்கிற சத்தம், ஈரத் துணி டேங்கின் மேல் கீச்சென்று போகிறது, வருகிறது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வண்டியைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று மூன்று மாதமாக நான் நினைத்து நினைத்து வெட்கப்பட்டேனே, சொல்லித்தான் இருக்கிறார். சொல்லி, அழுது, நான் கஞ்சி குடித்ததும் மாற்றிக்கொண்டார். கஞ்சத்தனம். அவ்வளவுதானே. வண்டி மேல் ஆசை, ஊருக்கெல்லாம் தெரிந்த ஆசை, அதை விட மனசு வரவில்லை, மனுஷன்தானே. அப்படி விட்டுவிடலாம் என்று பார்த்தேன், விட முடியவில்லை, கிட்டாரின் மேல் என் துணி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அவர் நம்புகிறவர். வேறு யாராக இருந்தாலும் நான் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடுவேன், இவர் நம்புகிறவர், வீட்டில் ஒரு தலைவலி என்றால் போன மாசம் என்ன நேர்ந்தோம், கொடுத்தோமா என்று கணக்குப் பார்க்கிறவர். பொருத்தனையைத் தவறவிட்டால் கேட்ட உயிர் திரும்பிப் போகும் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொன்னவர். வண்டிக்குத்தான் என் உயிர் திரும்பி வந்தது என்று அவர் நம்புகிறார். நம்பிக்கொண்டே வண்டியைக் கழுவுகிறார். அப்படியென்றால் இந்த மூன்று மாதமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் எதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று இழுத்தபோதெல்லாம் பக்கத்தில் படுத்திருந்தவர் அவர்தான், “என்ன, வலிக்கா?” என்று கேட்டு, எழுந்து வெந்நீர் வைத்தவர் அவர்தான், அந்த வெந்நீர் கொதிக்கும்வரை அடுப்படியில் நின்று என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பார். வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு தடவையாவது தோன்றியிருக்கும். தோன்றியிருக்க வேண்டும். தோன்றி, பார்ப்போம் என்று திரும்பிப் படுத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் வந்தது கோபம் என்று சொன்னால் சரியாகாது, அருவருப்பு. அதைவிடக் கேவலம், பயம். உள்ளே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். கிட்டாரைக் கொடுத்தாலும் தீராது, கொடுக்க வேண்டியது இது இல்லை என்கிறாள் அவள்.

அப்படியானால் கிட்டார் போக வேண்டியதில்லை. இவ்வளவு எளிய விஷயம் எனக்கு இவ்வளவு தாமதமாக உறைத்தது. மணி பதினொன்று பத்து. புதுக் கம்பி பாக்கெட் மேஜை டிராயரில் மே மாதத்திலிருந்து கிடக்கிறது, பிரித்தேன். பழைய கம்பியையே மாட்டிக் கொடுத்துவிடலாம் என்றுதான் காலையில் நினைத்திருந்தேன், ஜவுளிக்கடைக்காரருக்குப் புதுக் கம்பி எதற்கு. இப்போது எனக்காக மாட்டுகிறேன். முனை உருண்டையை ஓட்டைக்குள் விட்டு, பின்னை அழுத்தி, மறுமுனையைக் கீயில் கோத்து, இரண்டரைச் சுற்று, அதிகமாகச் சுற்றினால் சுருதி நிற்காது. தடித்தது, அடுத்தது, அடுத்தது. மூன்றாவது கம்பி விரலில் குத்தி ஒரு பொட்டு ரத்தம் வந்தது, சப்பிக்கொண்டேன். ஆறும் ஏறியதும் சுருதி கூட்டினேன், புதுக் கம்பி உடனே இறங்கும், திரும்பக் கூட்டினேன். பிறகு மேலே போனேன். ஏழாவது, எட்டாவது. இடது கையில் இத்தனை வருஷமாக இருந்த காய்ப்பெல்லாம் படுக்கையில் கிடந்தபோதே தோலுரிந்து போய்விட்டது, நுனி பச்சைப் பிள்ளை விரல் மாதிரி இருக்கிறது, கம்பி கத்திபோல் இறங்கிற்று. வலியோடு வாசித்தேன். சத்தமாகவே வாசித்தேன், கதவைச் சாத்தவில்லை. வெளியே துடைக்கிற சத்தம் நின்றது. ஒன்பதாவது ஃபிரெட்டில் அது வழக்கம்போல் தயங்கியது, நான் இறக்காமல் அங்கேயே விட்டுவிட்டு, கிட்டாரைக் கட்டிலில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனேன்.

“ஐசியு வாசல்ல எதப் பொருத்தன பண்ணினிய?”

அவர் துணியைப் பிழிந்தார். “ஹெப்சிபா அக்கா சொன்னாவளா?”

“எதப் பண்ணினிய?”

“அது பதட்டத்துல சொன்னது பியூலா. அப்புறம் ஜெபம் பண்ணும்போது ஆண்டவர் வேற மாதிரி உணர்த்தினாரு.”

“பதட்டத்துல சொன்னதக் கேட்டுத்தான என்னையத் திருப்பிக் குடுத்தாரு?”

“வண்டியக் குடுத்துட்டு நான் ஆபீஸுக்கு எப்படிப் போவேன்? ஆண்டவருக்குப் பொருளா முக்கியம், மனசுதான்.”

“அப்பம் எம் பொருளு மட்டும் எதுக்கு?”

அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது வாசலில் ஹாரன் அடித்தது. லோடு ஆட்டோ. கோவில் செயலாளர் பாக்கியநாதன் அண்ணாச்சி முன்சீட்டிலிருந்து இறங்கினார், கையில் நோட்டு. பின்னால் வாழைத்தார்களும், கால் கட்டிய சேவல்களும், ஒரு மூட்டை உளுந்தும். “என்ன ஜெயசிங், ரெடியா? கிட்டார ஏத்திருவமா?” என்றார். இப்போது சொல்லாவிட்டால் இனி சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

“கிட்டார் இல்ல அண்ணாச்சி. இவிய பொருத்தன பண்ணினது வண்டிய. ஐசியு வாசல்ல முழங்கால் போட்டுப் பண்ணினது. ஹெப்சிபா அக்கா கூட இருந்து கேட்டிருக்காவ.”

பொருத்தனை விஷயத்தில் எங்கள் ஆட்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். பாக்கியநாதன் அண்ணாச்சி நோட்டை மூடிக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்தார். டிரைவர் பார்த்தான். இவர் வண்டியைப் பார்த்தார், ஈரம் காயாமல் வெயிலில் நின்றது. ஒரு சேவல் இரண்டு தடவை படபடத்தது. ஜெயித்துவிட்டேன் என்று நான் நினைத்தேன். அப்புறம் இவர் சிரித்தார், அந்தப் பழைய சிரிப்பு. “சொல்லாம இருந்து கடைசியில சொல்லலாம்னு பாத்தேன், இவ போட்டு ஒடச்சிட்டா” என்றார். “ரெண்டும் பொருத்தனதான் அண்ணாச்சி. வண்டி என் பங்கு, கிட்டார் அவ பங்கு. ரெண்டையும் எழுதிக்கிடுங்க.”

“ஜெயசிங்!” என்றார் பாக்கியநாதன் அண்ணாச்சி, அவர் கண் கலங்கிவிட்டது. “நம்ம சபைச் சேகரத்துலயே இப்படி ஒரு குடும்பம் கெடையாதுய்யா. இதக் கேட்டா ஐயரு அழுதுருவாவ.” நோட்டைத் திறந்து எழுதினார். எழுதும்போது என்னையும் பார்த்து, “சிஸ்டர், உங்க மனசும் பெரிய மனசு” என்றார். இல்லை அண்ணாச்சி, என் மனசு பெரிய மனசு இல்லை, என் பொருளை நான் கொடுக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை. அதற்குள் இவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, கிட்டாரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆட்டோவில் வைத்தால் வாழைத்தாரில் நசுங்கும் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். அதனால் முதுகில் மாட்டிக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பி, ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். கிளம்பும்போது வாசலில் நின்ற என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், “இப்பம் திருப்திதான?” என்றார். தெருமுனை திரும்புகிறவரை அவர் முதுகில் கிட்டார் நிமிர்ந்து தெரிந்தது. எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகை வரும் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. வந்தது வேறு. கழுத்திலிருந்து வயிறுவரை என்னவோ தளர்ந்து, கட்டு அவிழ்ந்த மாதிரி, எனக்கே நம்ப முடியாத ஒரு நிம்மதி. வண்டியும் போயிற்று, கிட்டாரும் போயிற்று, எதைச் சொல்லி என்னைத் திருப்பிக் கேட்டிருந்தாலும் அது கொடுத்தாயிற்று, இனி யாரும் என்னைத் தேடி வர மாட்டார்கள், நான் சாக மாட்டேன். இருபத்திமூன்று வருஷத்துக் கிட்டார் தெருமுனை தாண்டுவதற்குள் நான் ஆழ்ந்து, சுகமாக, மூச்சு விட்டேன். அந்த மூச்சுக்காகத்தான் அவரை என்னால் மன்னிக்க முடியாது.